ரதச் சக்கரத்தை விடுங்கள், லாகீஸைக் காட்டுங்கள்: 'வேதமும் அகழாய்வும்' வகுப்பு எடுக்கும் ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊழியர்களே, வாலிபர் முகாம் நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே,

ஸ்தோத்திரம்.

கோடை முகாம்களிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் 'வேதமும் அகழாய்வும்' என்று ஒரு வகுப்பு இப்போதெல்லாம் தவறாமல் இடம்பிடிக்கிறது. சந்தோஷம்தான். வரலாறு என்றாலே கொட்டாவி விடும் பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரம் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எனக்கு மனத்தாங்கல் வகுப்பின்மேல் இல்லை, அங்கே திரையில் ஓடும் படங்களின்மேல்தான். செங்கடலுக்கு அடியில் பவளம் மூடிய ரதச் சக்கரம். அரராத் பக்கம் படகு வடிவத்தில் ஒரு மண்மேடு. பள்ளத்தில் கிடக்கும் இராட்சத எலும்புக்கூடு, பக்கத்தில் பொம்மை அளவில் ஒரு மனிதர். அப்புறம் யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் வந்தபோது விழுந்ததாக வேதம் சொல்லும் எரிகோவின் இடிந்த மதில். முடிவில் 'வேதம் உண்மை என்று விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது' என்று ஒரு வரி. கூட்டம் ஆமென் சொல்ல, அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.

நான் சபைக்குப் போகிறவன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திப் பிழைத்தவன். இந்த இரண்டும் சேர்ந்துதான் இந்த மடலை எழுத வைக்கின்றன. கேட்கப்போவது ஒன்றே ஒன்று: அந்தப் படங்களைத் தூக்கிவிட்டு, வகுப்பை லாகீஸ் என்ற பழைய யூதா நகரத்திலிருந்து தொடங்குங்கள். ஏன் லாகீஸ் என்று சொல்கிறேன். அதற்கு முன் படங்களின் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

சக்கரமும் படகு மேடும் ரான் வயட் என்ற அமெரிக்கரால் பரவியவை. அவர் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ். அகழாய்வுப் பயிற்சி எதுவும் கிடையாது. நோவாவின் பேழை, சோதோம், செங்கடலைக் கடந்த இடம், உடன்படிக்கைப் பெட்டி எல்லாவற்றையும் தாம் ஒருவரே கண்டுபிடித்ததாகச் சொன்னார். மற்றவர்கள் எடுத்துப் பரிசோதிக்கும்படி அந்தச் சக்கரங்களில் ஒன்றுகூட எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. பேழை என்று அவர் சொன்ன அந்தப் படகு மேடு, அதாவது துருக்கியிலுள்ள துருப்பினார் மேடு, இயற்கையாக அமைந்த நிலவடிவம். இதைச் சொல்பவர்கள் நாத்திகர்கள் மட்டுமில்லை. ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்று அப்படியே நம்பும் படைப்புவாத நிலவியலாளர்களே அதை மறுத்து எழுதியிருக்கிறார்கள். இராட்சத எலும்புக்கூடு 2002-இல் இணையத்தில் நடந்த ஒரு படத்திருத்தப் போட்டிக்காகக் கணினியில் செய்த படம். செய்தவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, பரிசுக்காகச் செய்தார். நம் வாட்ஸ்அப் குழுக்கள்தான் அவரை, வேதம் இராட்சதர் என்று சொல்லும் ஏனாக்கின் புத்திரரைக் கண்டெடுத்தவராக ஆக்கிவிட்டன.

எரிகோ விஷயம் இப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை. அங்கே மதில் இருந்தது, விழுந்தது, நகரம் எரிந்தது, எல்லாம் நிஜம். எப்போது என்பதில்தான் வழக்கு. 1930-களில் எரிகோவைத் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், விழுந்து கிடந்த இரட்டை மதிலைக் கண்டு, இது கி.மு. 1400 வாக்கில் யோசுவாவின் காலத்தில் விழுந்தது என்று அறிவித்தார். உங்கள் ஸ்லைடில் இருப்பது அவர் முடிவு. 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அதே மேட்டில் வேலை செய்தார். மண்ணை நேர்ச்சுவராக வெட்டி, எந்தச் சுவர் எந்த மண்ணடுக்கில் நிற்கிறது, அந்த அடுக்கில் என்ன பானை ஓடு கிடக்கிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது அவர் முறை. கார்ஸ்டாங் காட்டிய மதில் யோசுவாவுக்குச் சுமார் ஆயிரம் ஆண்டு முந்தியது என்று தெரிந்தது. எரிந்த நகரமோ கி.மு. 1550 வாக்கில் அழிந்தது. யோசுவாவின் காலம் என்று சொல்லப்படும் நாட்களில் அங்கே விழுவதற்கு ஒரு பெரிய மதில் இருந்ததற்கான அடையாளம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 1990-இல் பிரையன்ட் வுட் என்ற ஆய்வாளர் பானை ஓடுகளை மறுபடி ஆராய்ந்து, கார்ஸ்டாங் சொன்ன 1400-தான் சரி என்று வாதாடினார். பல ஊழியர்கள் இதுவரை வந்து நின்றுவிடுகிறார்கள். ஆனால் எரிந்த வீடுகளில் ஜாடி ஜாடியாகக் கிடந்த தானியத்தை 1995-இல் கரிமக் கணிப்புக்கு, அதாவது அதிலுள்ள கரிமத்தை வைத்து வயதைக் கணிக்கும் சோதனைக்கு, உட்படுத்தினார்கள். விடை பதினாறாம் நூற்றாண்டை நோக்கிப் போனது. அதாவது கென்யன் பக்கம். அந்தக் கருகிய தானியத்தைத்தான் 'கொள்ளையடிக்காமல் எரித்தார்கள், யோசுவா 6 அப்படியே நிறைவேறியது' என்று திரையில் காட்டுகிறோம். சாட்சி சொல்ல நாம் கூண்டில் ஏற்றிய தானியம் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவது நியாயமா?

சரி, லாகீஸுக்கு வருவோம்.

எருசலேமுக்குத் தென்மேற்கே, யூதாவின் மலையடிவாரத்தில் இருந்த கோட்டை நகரம் லாகீஸ். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்து வந்தான். யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் பதினாலாம் வருஷத்தில் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்தான் என்று 2 இராஜாக்கள் 18 சொல்கிறது. லாகீஸில் பாளயமிறங்கியிருந்த அவனுக்கு எசேக்கியா ஆள் அனுப்பி, தப்பு என்மேல்தான், என்ன கப்பம் கேட்டாலும் கட்டுகிறேன் என்று பணிந்ததும் அங்கேயே இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவோம். அடுத்த அதிகாரத்துத் தூதன்தான் நமக்கு முக்கியம்.

இப்போது சனகெரிப்பின் தலைநகரான நினிவேக்குப் போங்கள். 1840-களில் ஆஸ்டின் லேயார்ட் சனகெரிப்பின் அரண்மனையைத் தோண்டியபோது ஓர் அறையின் சுவர் முழுக்க ஒரே காட்சி செதுக்கியிருந்தது. இன்று அந்தக் கற்பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நகர மதிலை நோக்கிச் சரிவுப் பாதைகள் ஏறுகின்றன. அவற்றின்மேல் இடிப்பு வண்டிகள். மதிலின் மேலிருந்து யூதா வீரர்கள் எரியும் பந்தங்களை வீசுகிறார்கள். வண்டிக்குத் தீப்பிடிக்காமலிருக்க ஓர் அசீரியச் சிப்பாய் நீளக் கைப்பிடி அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். மதில் ஓரம் மூன்று பேரை நிர்வாணமாகக் கழுவேற்றியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் வெளியேறுகின்றன, மாட்டு வண்டியில் பெண்களும் பிள்ளைகளும். ஊர்வலத்தின் முடிவில் சனகெரிப் சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். லாகீஸின் கொள்ளைப்பொருள் அவன்முன் கடந்து சென்றது என்று மேலே எழுதியிருக்கிறது. அவன் முகத்தை மட்டும் பிற்காலத்தில் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள்.

பிறகு லாகீஸ் மேட்டுக்கே வாருங்கள். 1932-இல் ஜேம்ஸ் ஸ்டார்க்கி அங்கே தோண்டத் தொடங்கினார். 1938 ஜனவரியில், எருசலேமில் ஒரு புது அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்குப் போகிற வழியில் அவரை ஆயுதக் கும்பல் ஒன்று கொன்றுவிட்டது. அவர் குழுவிலிருந்த ஓல்கா டஃப்னெல் மிச்ச வேலையைத் தோளில் சுமந்து, பல வருஷம் உழைத்து அறிக்கையை வெளியிட்டார். மூன்றாம் அடுக்கு எனப்படும் எரிந்த நகரம் கி.மு. 597-இல் பாபிலோனியர் அழித்தது என்பது ஸ்டார்க்கியின் கணிப்பு. டஃப்னெல் பானை ஓடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, அது 701-தான், சனகெரிப் எரித்த நகரம்தான் என்று 1953-இல் எழுதினார். மறைந்துபோன தன் தலைவரை அவர் மறுக்க வேண்டியிருந்தது. பெரிய பெரிய அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1973-இல் தொடங்கிய டேவிட் உசிஷ்கினின் அகழாய்வு டஃப்னெல் சொன்னதே சரி என்று காட்டியது. இந்தக் கதை ஒன்றே ஒரு முழு வகுப்புக்குப் போதும் என்பேன். எரிந்த மண்ணைப் பார்த்து 'யார் எரித்தது' என்று சொல்ல எத்தனை வருஷம், எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

மேட்டின் தென்மேற்கு மூலையில் அந்தச் சரிவும் இருக்கிறது. சுவரில் செதுக்கிய அதே வகைச் சரிவு, கல்லும் சாந்துமாக. அசீரியர் கட்டிய முற்றுகைச் சரிவுகளில் தோண்டி ஆராயப்பட்டது இது ஒன்றுதான் என்பார்கள். ஒருவர் கையில் தூக்கக்கூடிய கற்கள், இலட்சக்கணக்கில். கைமாற்றிக் கைமாற்றி ஏற்றியிருப்பார்கள். ஏற்றியவர்களில் பிடிபட்ட யூதாக் கைதிகளே இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். மதிலுக்கு உள்பக்கம் ஊர்க்காரர்கள் அவசரமாகக் குவித்த எதிர்ச்சரிவு. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் அம்பு முனைகள், கவண் கற்கள். ஓர் இரும்புச் சங்கிலித் துண்டும் கிடைத்தது. இடிப்பு வண்டியின் முனையைச் சங்கிலியால் கொக்கிபோட்டுத் தடுமாறச் செய்ய முயன்றிருக்கலாம் என்கிறார்கள். 'ராஜாவுக்குரியது' என்று முத்திரை குத்திய ஜாடிக் கைப்பிடிகள் அந்த ஒரு மேட்டில் மட்டும் 400-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

வேதத்தில் ஒரு செய்தி, எதிரியின் அரண்மனைச் சுவரில் அதே செய்தி, மண்ணுக்குள் அதே செய்தி. இப்படி மூன்று பக்கமும் கூடி வருவது அபூர்வம். இதை விட்டுவிட்டு நாம் ஏன் பவளச் சக்கரத்தின் பின்னால் ஓடுகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இனிமேல்தான் ருசியே. இவ்வளவு சான்று இருந்தும் மூன்றும் ஒரே கதையைச் சொல்லவில்லை.

சனகெரிப்பின் போர்க்குறிப்பு களிமண் பட்டகங்களில், அதாவது பல பக்கங்களிலும் எழுத்துப் பொறித்த களிமண் கட்டைகளில், கிடைத்திருக்கிறது. முதல் பிரதி போர் நடந்த அடுத்த வருஷமே எழுதப்பட்டது. அரணான 46 நகரங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரைச் சிறைபிடித்தேன், எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவைபோல அடைத்தேன் என்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. அரண்மனையில் ஓர் அறை முழுக்க லாகீஸைச் செதுக்கியவன், தலைநகரைப் பிடித்திருந்தால் சும்மா விட்டிருப்பானா? நம் வேதமோ லாகீஸ் விழுந்த காட்சியைச் சொல்வதே இல்லை. ராஜா லாகீஸைவிட்டுப் புறப்பட்டு லிப்னாவின்மேல் யுத்தம்பண்ணுகிறான் என்று ஒரு வரியோடு கடந்துவிடுகிறது. அசீரியன் எருசலேமைப் பற்றி மழுப்புகிறான், யூதா எழுத்தர் லாகீஸைப் பற்றி மழுப்புகிறார். இருவரும் மனிதர்கள்தானே.

கப்பக் கணக்கைப் பாருங்கள். பொன் 30 தாலந்து என்பதில் இரு தரப்பும் ஒன்று. வெள்ளி வேதத்தில் 300, பட்டகத்தில் 800. எந்தக் கணக்குப்பிள்ளை தப்புச் செய்தார், அல்லது யார் கூட்டிச் சொன்னார் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. வரிசையிலும் வேறுபாடு. வேதத்தில் எசேக்கியா முதலில் கப்பம் கட்டுகிறார், பிறகும் அசீரிய அதிகாரி ரப்சாக்கே வந்து மதிலடியில் நின்று மிரட்டுகிறான். பட்டகத்தில் கப்பம் கடைசியில், நினிவேக்கே போய்ச் சேருகிறது. இதைச் சரிக்கட்ட, சனகெரிப் இரண்டு முறை வந்திருக்க வேண்டும் என்றுகூட ஒரு சாரார் சொல்லிப் பார்த்தார்கள். இன்று பெரும்பாலானோர் ஒரே படையெடுப்புதான் என்கிறார்கள்.

அப்புறம் அந்த 1,85,000 பேர். ஒரே இரவில் கர்த்தருடைய தூதன் சங்கரித்தான் என்பது 2 இராஜாக்கள் 19. பட்டகத்தில் சத்தமே இல்லை. தோல்வியை எழுதிவைக்கும் ராஜா எந்த நாட்டிலும் இல்லை என்பதால், அந்த மௌனத்தை வைத்து எதையும் ஸ்தாபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சிலர் இங்கே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸை இழுப்பார்கள். எலிகள் வந்து சனகெரிப் படையின் வில் நாண்களைக் கடித்துப்போட்டன என்று அவர் எழுதியிருக்கிறார், ஆகவே கொள்ளைநோய் வந்தது, ஆகவே வேதம் சரி என்று. ஹெரோடோட்டஸ் சொல்லும் அந்த இடம் எகிப்தின் எல்லை. அவர் எழுதியது இருநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. அதில் நோய் என்ற பேச்சே இல்லை. படை எருசலேமைப் பிடிக்காமல் திரும்பியது, எசேக்கியா சிங்காசனத்தில் தொடர்ந்தார், இவ்வளவும் வரலாற்றாசிரியர் ஒப்புக்கொள்வார். ஏன் திரும்பியது என்ற கேள்விக்கு மண்வெட்டியிடம் பதில் இல்லை. விசுவாசி அதற்குத் தன் பதிலை விசுவாசத்தால் சொல்லட்டும். 'அகழாய்வு சொல்கிறது' என்று அதற்கு முத்திரை குத்த வேண்டாம்.

சனகெரிப்பின் முடிவு இன்னொரு நல்ல பாடம். அவன் நினிவேக்குத் திரும்பினான், அங்கே அவன் குமாரர் அத்ரமலேக்கும் சரேத்சேரும் அவனைப் பட்டயத்தால் வெட்டினார்கள் என்று வேதம் அடுத்தடுத்த வசனங்களில் முடிக்கிறது. வாசிக்கிற நமக்கு அடுத்த வாரமே செத்தான் என்று தோன்றும். அவன் கொல்லப்பட்டது கி.மு. 681-இல், இருபது வருஷம் கழித்து. ஆனால் பாபிலோனிய நாளாகமமும் மகன்தான் கொன்றான் என்கிறது. பின்னால் ஆய்வாளர்கள் சரியாகப் படித்தறிந்த ஓர் அசீரியக் கடிதத்தில் சதிகார மகனின் பெயர் அர்தா-முலிஸ்ஸு. அத்ரமலேக்கு என்பது அந்தப் பெயரின் திரிந்த வடிவம் என்பதில் பெரும்பாலோர்க்குச் சந்தேகமில்லை. காலத்தைச் சுருக்கிவிட்ட அதே எழுத்தர், அந்நிய அரண்மனைக் கொலைகாரனின் பெயரை ஏறக்குறையச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் புத்தகம் எப்படிப்பட்டது என்று பிள்ளைக்கு விளங்கும்.

எருசலேமுக்குள்ளும் இந்தக் கதை தொடர்கிறது. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளத்துக்குப் பாறையைக் குடைந்து 533 மீட்டருக்கு ஒரு சுரங்கம் போகிறது. எசேக்கியா தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தார் என்று 2 இராஜாக்கள் 20 சொல்வது இதைத்தான் என்பது பொதுக்கருத்து. 1880-இல் அங்கே தண்ணீரில் இறங்கி விளையாடிய பையன்கள் சுவரில் எழுத்து இருப்பதைக் கண்டார்கள். இரு முனையிலிருந்தும் குடைந்துவந்த இரண்டு கூட்டத்தார், இன்னும் மூன்று முழம் இருக்கும்போது பாறைக்கு அப்பாலிருந்து ஒருவரையொருவர் கூப்பிடும் குரலைக் கேட்டார்கள், கோடாலிக்கு எதிர்க் கோடாலியாக வெட்டிச் சேர்ந்தார்கள், தண்ணீர் ஓடியது என்கிறது அந்தக் கல்வெட்டு. இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் கவனியுங்கள்: அதில் எசேக்கியாவின் பெயர் இல்லை. எந்த ராஜாவின் பெயரும் இல்லை. 'எசேக்கியாவின் கல்வெட்டு' என்று ஸ்லைடில் போடுவது நாம் ஒட்டிய சீட்டு. சுரங்கத்துச் சாந்தில் கிடந்த செடித் துணுக்குகளை வைத்து 2003-இல் செய்த காலக்கணிப்பு கி.மு. 700-ஐ ஒட்டி வந்தது. அது பலமான ஆதாரம். அதற்கும் முந்தியது என்று வாதிடும் அகழாய்வாளர்களும் இருக்கிறார்கள். எசேக்கியாவின் பெயர் வேண்டுமென்றால், கோவில் மேட்டின் தென்புறம் கிடைத்து 2015-இல் அறிவிக்கப்பட்ட ஒரு சிறு களிமண் முத்திரை இருக்கிறது: 'ஆகாசின் குமாரன், யூதாவின் ராஜா எசேக்கியாவுக்குரியது.' நடுவில் சிறகு விரித்த சூரியன், பக்கத்தில் எகிப்திய ஜீவச் சின்னம். ஜனங்கள் கும்பிட்டார்கள் என்பதற்காக வெண்கலச் சர்ப்பத்தையே உடைத்த ராஜாவின் முத்திரையில் எகிப்தியச் சின்னம் என்ன செய்கிறது என்று ஒரு பையன் கேட்டால், அதுதான் உங்கள் வகுப்பின் வெற்றி.

மேடையின் எதிர்ப்பக்கம் நின்று பேசும் பகுத்தறிவு நண்பர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. 'பைபிள் முழுக்கக் கட்டுக்கதை, ஒரு ஆதாரமும் கிடையாது' என்று நீங்கள் சொல்வதும் அதே பவளச் சக்கரம்தான். ஓம்ரி, ஆகாப், யெகூ, ஓசெயா, எசேக்கியா, மனாசே, யோயாக்கீன் என்று வேதத்தில் வரும் இஸ்ரவேல், யூதா ராஜாக்கள் எல்லாரும் அந்நிய ராஜ்யங்களின் பதிவுகளில் இருக்கிறார்கள். சிறைப்பட்டுப் போன யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் எவ்வளவு எண்ணெய் அளந்தார்கள் என்ற பாபிலோன் அரண்மனைக் கணக்கே களிமண்ணில் கிடைத்திருக்கிறது. தாவீது என்றொருவர் இருந்ததற்கே சான்று இல்லை என்பது 1993 வரை சொல்லக்கூடிய வாதம். அந்த வருஷம் வடக்கே தாண் மேட்டில் ஒரு சுவரில் மறுபடி பயன்படுத்திய உடைந்த கல் ஒன்று கிடைத்தது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் அராமிய எழுத்து, யூதாவின் அரச குலத்துக்கு 'தாவீதின் வீடு' என்று பெயர்.

ஊழியர்களே, அந்தக் கல்லைக் காட்டும்போது நீங்களும் அதை முழுசாகக் காட்ட வேண்டும். அதை நாட்டியவன் அநேகமாகச் சீரியாவின் ராஜா ஆசகேல். இஸ்ரவேலின் ராஜாவையும் தாவீதின் வீட்டு ராஜாவையும் தானே கொன்றதாகப் பெருமையடிக்கிறான். நம் வேதத்தில் 2 இராஜாக்கள் 9-இல் அந்த இரண்டு ராஜாக்களான யோராமையும் அகசியாவையும் கொன்றவன் இஸ்ரவேலின் படைத்தலைவன் யெகூ. தாவீதின் பெயருக்குச் சாட்சி சொல்லும் அதே கல் இன்னொரு அதிகாரத்தோடு முரண்டுபிடிக்கிறது. ஆசகேல் மற்றவன் கொலையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டானா, யெகூ அவனுக்குக் கையாளாக இருந்தானா என்று விவாதிக்கலாம். வகுப்பில் விவாதியுங்கள். பாதிக் கல்லை மட்டும் காட்டி ஆமென் வாங்காதீர்கள்.

இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட யாத்திராகமம் பற்றிக் கேட்பார்கள். பதில் சுருக்கமானது. ஆறு இலட்சம் புருஷர் குடும்பத்தோடு நாற்பது வருஷம் வனாந்தரத்தில் இருந்ததற்கான மண் அடையாளம் இதுவரை கிடைக்கவில்லை. அவர்கள் நெடுநாள் தங்கிய காதேஸ்பர்னேயா என்று கருதப்படும் இடத்தில் அந்தக் காலத்து ஓடுகள் இல்லை. கி.மு. 1208 வாக்கில் பார்வோன் மெர்னெப்தா நாட்டிய கல்லில் கானானிலுள்ள ஒரு ஜனமாக 'இஸ்ரவேல்' என்ற பெயர் வருகிறது; அப்போது அவர்கள் அங்கே இருந்தார்கள், அவ்வளவு உறுதி. எங்கிருந்து வந்தார்கள் என்று கல் சொல்லவில்லை. யோசுவா எரித்ததாக வேதம் சொல்லும் கானானிய நகரம் ஆத்சோர் கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பயங்கரமாக எரிந்தது, சிலைகளின் தலையும் கையும் வெட்டுண்டு கிடந்தன. எரித்தது இஸ்ரவேலர் என்றார் அங்கே வருஷக்கணக்கில் தோண்டிய அம்னோன் பென்-டோர். ஊருக்குள் வெடித்த கலகம் என்றார் அவரோடு சேர்ந்தே அகழாய்வை நடத்திய ஷரோன் சுக்கர்மன். ஒரே குழி, ஒரே சாம்பல், இரண்டு பதில். இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். நம் விவாத மேடைகளுக்கு அந்தக் குணம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

புதுச் செய்தி வரும்போது கொஞ்சம் பொறுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சோதோம் விண்கல் வெடிப்பில் அழிந்தது என்று யோர்தானின் டால் எல்-ஹமாம் மேட்டை வைத்து 2021-இல் ஓர் அறிவியல் இதழில் கட்டுரை வந்தது. 2025-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏபால் மலையில் எபிரெயச் சாப எழுத்தோடு ஈயத் தகடு என்று 2022-இல் ஆய்வுக்கட்டுரை வருமுன்னரே பத்திரிகையாளர் கூட்டம் போட்டார்கள். கட்டுரை வந்தபின், அதில் எழுத்தே இல்லை என்று எழுத்தியல் அறிஞர்கள் பலர் எழுதினார்கள். வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் சவக்கடல் சுருள்கள் எனப்படும் பழைய வேதப் பிரதிகளின் துண்டுகள் என்று தான் வாங்கிய 16-ஐயும் சோதித்துப் பார்த்து, அத்தனையும் போலி என்று 2020-இல் தானே அறிவித்தது. நேர்மையாக அறிவித்தார்கள், அது மெச்சத்தக்கது. அந்தத் துண்டுகள் எந்த அகழாய்விலும் கிடைத்தவை இல்லை, பழம்பொருள் சந்தையில் வந்தவை. கடையில் வாங்கியதற்கும் மண்ணடுக்கில் கண்டதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஏன் இத்தனை கறாராகப் பேசுகிறேன் என்றால், உங்கள் முகாமில் கைதட்டும் பையன் கல்லூரி விடுதிக்குப் போன முதல் மாதமே போனில் தேடிப் பார்ப்பான். ரதச் சக்கரம் புரளி என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். சக்கரத்தையும் மலைப்பிரசங்கத்தையும் ஒரே மூச்சில் அவனுக்குக் கொடுத்தது நாம்தான். அவன் இரண்டையும் சேர்த்துக் கீழே வைத்தால் அவனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஒவ்வொரு ஆராதனை முடிவிலும் 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்' என்று கை உயர்த்துகிறீர்களே, அந்த ஆசீர்வாதத்தின் வரிகள் 1979-இல் எருசலேமின் கெத்தேப் இன்னோம் கல்லறைக் குகையில் இரண்டு சின்ன வெள்ளித் தகடுச் சுருள்களில் கிடைத்தன. கழுத்தில் கட்டும் தாயத்துபோலச் சுருட்டியவை, ஒன்று விரல் நுனி அளவுதான் இருக்கும். பிரித்து வாசிக்கவே வருஷங்கள் ஆயின. முதல் ஆலயம் இடிபட்ட காலத்தை ஒட்டியவை. சவக்கடல் சுருள்களுக்கும் சில நூற்றாண்டு முந்தியவை. மோசேதான் எழுதினார் என்று அவை சொல்லவில்லை. அந்த வரிகளை அன்று ஒருவர் நம்பித் தன் உடம்போடு வைத்திருந்தார், சாகும்போதும் கூடவே போனது என்று மட்டும் சொல்கின்றன. எனக்கு அது போதுமானதைவிட அதிகமாகவே இருக்கிறது.

அடுத்த முகாமுக்கு என் யோசனை இது. முதல் வகுப்பில் லாகீஸ் சுவர்ப் படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும். அடுத்து 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களையும் சனகெரிப்பின் பட்டகத்தில் எசேக்கியாவைப் பற்றி வரும் பகுதியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பிரதி எடுத்துக் கொடுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது, யார் எதை மறைக்கிறார்கள் என்று குழுவாகப் பிரிந்து வாதாடட்டும். பகுத்தறிவு நண்பர் ஒருவரையும் கூப்பிட்டு ஒரு குழுவில் உட்காரவையுங்கள், வருவார்கள். பட்டகத்தின் அந்தப் பகுதியை எளிய தமிழில் எழுதித் தர நான் தயார். ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பழைய வரலாற்று வாத்தியார்